விடைத்தாளில் நான்கு சக்கரம்

நவம்பர் 10, திங்கள்

விடுதியில் பாடத்தைத் தவிர வேறெதையும் எழுதக் கூடாது. பிடிபட்டால் முதலில் வீட்டுக்குத் தகவல், அப்புறம் டி.சி. என் பக்கத்துக் கட்டிலில் மெத்தையைச் சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். அது நந்திதாவின் கட்டில். தலையணை உறைக்குள் செல்போன் வைத்திருந்தாள். பதினோராம் வகுப்பில் நடுவருஷம் டி.சி. வாங்கிக்கொண்டு போனால் ஜூன் வரைக்கும் வேறு பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். இதெல்லாம் தெரிந்தும் எழுதுகிறேன். வராந்தா டியூப்லைட்டை இன்று யாரோ அணைக்க மறந்துவிட்டார்கள். அதன் வெளிச்சம் ஜன்னல் வழியாகச் சரியாக என் கட்டிலில் விழுகிறது.

என்னை ரோபோ குழுவில் சேர்த்துவிட்டார்கள்.

டிசம்பரில் கோயம்புத்தூரில் போட்டி. தாளாளர் ஐயாவுக்கு அதில் ஒரு கோப்பை வேண்டும். அட்மிஷன் நேரத்தில் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் பேனர் வைக்கலாம். மூன்று பேர் கொண்ட பெண்கள் குழு. ஷாமிலி தலைவி. அவள் எதையும் ஒருமுறை படித்தால் கமா கூடப் பிசகாமல் ஒப்பிப்பாள். மேட்டூர்க்காரி ஜெசிந்தா ரிமோட்டில் ஓட்டுவாள். மூன்றாவது ஆள் யார் என்று தேடியபோது எங்கள் வார்டன் அமுதா மிஸ் என் பெயரைச் சொன்னாராம். ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. பௌதிக வகுப்பில் நான் கேட்ட ஒரே கேள்விக்கு, "சிலபஸ்ல இல்லாததைக் கேக்காத, உக்காரு" என்று பதில் வந்தபோது அவர் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார். அது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ரோபோவை நாங்கள் செய்யவில்லை. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றிலிருந்து சனிக்கிழமைகளில் வரும் லோகநாதன் சார் செய்து கொண்டுவந்துவிட்டார். அதில் எதையும் நாங்கள் மாற்றக் கூடாது என்பது உத்தரவு. ஆனால் மாணவிகளே செய்ய வேண்டும் என்பது போட்டி விதி. நடுவர்கள் கேள்வி கேட்டுச் சோதிப்பார்கள். அதனால் கேள்விகளும் பதில்களும் ஆங்கிலத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, ஐயாவின் கையெழுத்தோடு வந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஷாமிலிக்கு. மீதி ஜெசிந்தாவுக்கு. எனக்குக் கடைசிப் பதில் மட்டும்: எங்கள் குழுவின் ஒற்றுமை.

ஒற்றுமையைச் சொல்லாத நேரத்தில் தரையைத் துடைக்க வேண்டும். பேட்மிண்டன் கோர்ட் சிமெண்ட் தரையில் ரோபோ கறுப்புக் கறையாகப் போட்டுவிடுகிறது. ஐயாவுக்கு அது பிடிக்காது.

நவம்பர் 12, புதன்

துடைக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். ரோபோ நேராகப் போன இடத்தில் கறையே இல்லை. திரும்பிய இடத்தில் மட்டும் இருக்கிறது. அதுவும் கோடாக இல்லை, பிறை மாதிரி வளைவாக, நான்கு நான்காக.

ரோபோவுக்கு ஸ்டியரிங் கிடையாது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ரப்பர் சக்கரங்கள். இடப்பக்கம் முன்னாலும் வலப்பக்கம் பின்னாலும் ஓடினால் இருந்த இடத்திலேயே சுற்ற வேண்டும். ஆனால் சுற்றுவதில்லை. தவளை மாதிரி எகிறி எகிறி விழுகிறது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் சுட்டு நின்றுவிடுகிறது.

"திரும்பறப்ப மட்டும் ஏன்டி கறை வருது?" என்று ஷாமிலியிடம் கேட்டேன்.

"எத்தனாவது கேள்வி அது?"

"தாள்ல இல்ல."

"அப்ப யாரும் கேக்க மாட்டாங்க."

ஜெசிந்தா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "மாப்பு மேடத்துக்கு டவுட்டெல்லாம் வருது பாரு" என்றாள். தரை துடைக்கும் மாப்புதான் இனிமேல் என் பெயர். பவதாரணி என்பதைவிடச் சின்னது, கூப்பிட வசதி.

நவம்பர் 15, சனி

லோகநாதன் சார் வந்தார். எகிறுவதைப் பார்த்தார். "மோட்டார் ஹீட் ஆகுதும்மா. கொஞ்சம் கேப் விட்டு விட்டு ஓட்டுங்க" என்றார். போட்டியில் எதிராளி கேப் விடுவானா என்று கேட்கலாம் என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

சாயங்காலம் ஐயா அறையில் ஒப்புவித்தல். நான்காவது கேள்விக்கு ஷாமிலி, எங்கள் ரோபோ நான்கு சக்கரங்களில் இயங்குகிறது, இதனால் உறுதியும் வேகமும் கிடைக்கின்றன என்று ஆங்கிலத்தில் மணி மணியாகச் சொன்னாள். நான் ஒற்றுமையைச் சொன்னேன். குரல் நடுங்கியது. "சத்தமாச் சொல்லு. ஒத்துமைன்னா இப்படியா முனகுவாங்க?" என்றார் ஐயா.

நவம்பர் 16, ஞாயிறு

அப்பாவின் போன். விடுதி அலுவலகத்தில் அமுதா மிஸ் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஸ்பீக்கரில் பேச வேண்டும். அப்பா சரக்கு லாரி ஓட்டுகிறவர். இன்று நாக்பூர் பக்கத்தில் இருக்கிறார்.

"என்ன சாமி, சாப்பிட்டியா? மார்க் எப்படி?"

"நல்லா இருக்குங்கப்பா. அப்பா, காலி வண்டி ஓட்டறப்ப ஒரு அச்சை மேல தூக்கி வெச்சுக்கறீங்கல்ல, எதுக்குங்க?"

ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அப்பா சொன்னார்: "டயரு தேயுமல்ல சாமி. லோடு இல்லாதப்ப அத்தனை டயரையும் எதுக்குத் தரையில போட்டுத் தேய்க்கோணும்? திருப்பத்துல ஒடிக்கறப்ப வேற, பின்னாடி ரெண்டு அச்சும் ஒண்ணையொண்ணு இழுத்துக்கிட்டு நிக்கும். ஏன், டாக்டருக்குப் படிக்க இதெல்லாம் கேக்கறாங்களா?"

"இல்லீங்கப்பா. சும்மா."

"பயலாட்ட லாரியப் பத்திக் கேக்காத. உன்ற சித்தப்பன்கிட்ட எல்லாம் டாக்டர்னு சொல்லி வெச்சிருக்கேன்."

போனை வைத்ததும் அமுதா மிஸ் பதிவேட்டைப் பார்த்தபடியே, "ஒண்ணையொண்ணு இழுக்குதாமா" என்றார். என்னிடம் சொன்ன மாதிரியும் இருந்தது, தனக்குத்தானே சொன்ன மாதிரியும் இருந்தது.

நவம்பர் 18, செவ்வாய்

ஸ்டடி ஹாலில் ஜாமெட்ரி பாக்ஸின் நான்கு மூலைக்கும் அடியில் ரப்பர்த் துண்டுகளை வைத்துத் திருப்பிப் பார்த்தேன். வரவில்லை. விரல்தான் வலித்தது. மூலைத் துண்டுகளை எடுத்துவிட்டு நடுவில் ஒன்றை மட்டும் வைத்தேன். விரல் பட்டதும் சுற்றியது.

பிறகு காம்பஸால் ஒரு வட்டம் வரைந்து அதற்குள் ரோபோவை மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு செவ்வகம் போட்டேன். ரோபோ தன் நடுப்புள்ளியைச் சுற்றித் திரும்பினால் மூலைச் சக்கரம் ஒவ்வொன்றும் அந்த வட்டத்தின் மேல் போக வேண்டும். ஆனால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும்தான் உருளத் தெரியும். வட்டமோ அதைச் சாய்வாகக் கூப்பிடுகிறது. உருண்டது போக மீதியைப் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். அந்த மீதிதான் நான் துடைக்கிற கறை!

இன்னொன்றும் தெரிந்தது. செவ்வகத்தின் நீளப் பக்கத்துக்கு நடுவில் ஒரு சக்கரம் இருந்தால் அதற்குத் தேய்மானமே கிடையாது. வட்டம் போகும் திசையும் அது உருளும் திசையும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. இதை நான்கு முறை வரைந்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் வருகிறது.

அமுதா மிஸ் மேசைக்குப் பின்னால் வந்து நின்றார். நான் கணக்குப் போடுகிறேன் என்று நினைத்திருப்பார். நகர்ந்து போய்விட்டார்.

நவம்பர் 21, வெள்ளி

ரோபோவைத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தேன். துடைக்கிற சாக்கில் பார்க்க மட்டும் செய்தேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் மோட்டார் நடுவில் ஒரு ஷாஃப்டை, அதாவது அச்சுத் தண்டை, சுழற்றுகிறது. அதிலிருந்து முன்சக்கரத்துக்கு ஒரு செயின், பின்சக்கரத்துக்கு ஒரு செயின். அந்த நடு ஷாஃப்டின் நுனி சட்டத்துக்கு வெளியே விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் ஒன்றும் இல்லை. ரோபோ ஓடும்போது அந்த நுனி மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். ஏன் வெறுமனே சுற்ற வேண்டும்? உதிரிப் பெட்டியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத இரண்டு சக்கரங்கள் வேறு இருக்கின்றன. துளை அளவு பொருந்துகிறதா என்று பார்த்தேன்.

பொருந்துகிறது. பார்க்க மட்டும்தான் செய்தேன்.

ஆனால் இது உதவாது. தரையில் சக்கரம் கூடினால் இழுபறியும் கூடத்தான் செய்யும். மூலைச் சக்கரங்களைக் கழற்றினால் ரோபோ குப்புற விழும். அப்பா மாதிரி ஒரு அச்சைத் தூக்கி வைத்துக்கொள்ள நமக்கு லிவர் கிடையாது.

நவம்பர் 25, செவ்வாய்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் அதுதான் காரணம்.

மற்ற இருவரும் டிபனுக்குப் போனார்கள். கோர்ட்டில் நான் மட்டும். நடுச்சக்கரம் சும்மா எப்படி இருக்கும் என்று பார்க்க வலப்பக்க ஷாஃப்டில் ஒன்றைச் செருகினேன். நன்றாக இருந்தது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் நன்றாக இல்லை என்று மறுபக்கமும் செருகினேன். விழுந்துவிடக் கூடாதே என்று ஸ்க்ரூவை ஆலன் கீயால் முறுக்கினேன். இது மாற்றம் ஆகாது, பத்திரப்படுத்துவது.

பிறகு தரையில் வைத்தேன். ரோபோ ஆடியது. முன்பக்கம் அழுத்தினால் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழுகின்றன. பின்பக்கம் அழுத்தினால் முன்சக்கரங்கள் எழுகின்றன. தொட்டில் மாதிரி. கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். நந்திதாவின் சுருட்டிய மெத்தைதான் கண்ணில் வந்தது.

கழற்றப் பார்த்தேன். ஸ்க்ரூ அசையவில்லை. அவ்வளவு முறுக்கியிருக்கிறேன். அப்போதுதான் இரண்டு சக்கரங்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. புதிய சக்கரம் பழையதைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு காசின் தடிமன் இருக்கும். ஒரே கம்பெனி, ஒரே எண். பழையது தேய்ந்திருக்கிறது. இத்தனை நாள் பயிற்சியில் மூலைச் சக்கரங்கள் தங்கள் ரப்பரைத் தரையில் விட்டுவிட்டன. அதைத்தான் நான் வாளியில் பிழிந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அதாவது நடுச்சக்கரங்கள்தான் கனத்தைத் தாங்குகின்றன. மூலைகளில் ஒரு ஜோடி லேசாகத் தொடுகிறது, இன்னொரு ஜோடி அந்தரத்தில் நிற்கிறது. லிவரே இல்லாமல் அச்சு தூக்கியிருக்கிறது!

ஒரு விரலால் ரோபோவின் மூலையைத் தள்ளினேன். எகிறவில்லை. திரும்பியது.

மணி அடித்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தேன்.

நவம்பர் 26, புதன்

ஜெசிந்தா ஓட்டினாள். நான் சுவரோரம் துணியோடு நின்றேன். ரோபோ இருந்த இடத்திலேயே பம்பரமாகச் சுற்றி, டக்கென்று நின்று, நேராக ஓடியது. ஜெசிந்தா ரிமோட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏய், இது நம்ம வண்டிதானா? மாப்பு, நீ பாலிஷ் ஏதும் போட்டியா?"

"லோகு சார் ஆள் அனுப்பியிருப்பார்" என்றாள் ஷாமிலி. நான் தரையைப் பார்த்தேன். துடைப்பதற்கு அதிகம் இல்லை.

நவம்பர் 29, சனி

லோகநாதன் சார் உள்ளே வந்து ரோபோவைப் பார்த்து நின்றுவிட்டார். பிறகு எங்களைப் பார்த்தார். அவரோடு ஐயாவும் வந்திருந்தார்.

"இப்ப அருமையாத் திரும்புதுங்களே" என்றார் ஐயா.

"ஆமாங்க ஐயா. நான்தான் போன்ல சொல்லிச் செய்யச் சொன்னேன்" என்றார் சார். யாரிடம் சொன்னார் என்று ஐயா கேட்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. அதே நேரத்தில் வேறெங்கோ சுருக்கென்றது. ஏன் என்று யோசிக்கப் போவதில்லை.

சார் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். விடைத்தாளை யாரும் தொடவில்லை. அதில் இன்னும் நான்கு சக்கரம்தான்.

டிசம்பர் 3, புதன்

ஷாமிலியிடம் சொல்லிப் பார்த்தேன். "தாள்ல நாலு. வண்டில ஆறு."

"எனக்குக் கண்ணு தெரியாதா? தாள் ஐயா கையெழுத்துப் போட்டது. வண்டி சார் செஞ்சது. ரெண்டையும் நாம மாத்தக் கூடாது."

"ஜட்ஜ் எண்ணிப் பார்த்தா?"

"எண்ண மாட்டாங்க. எண்ணறது கேள்வில இல்ல."

டிசம்பர் 5, வெள்ளி

நாளை போட்டி. டியூப்லைட் இன்றும் அணையவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அது ஒரு பொறியியல் கல்லூரியின் பெரிய அரங்கம். முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். ஜெசிந்தா எதிராளியின் ரோபோவைச் சுற்றிச் சுற்றிப் போய்ப் பந்துகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டாவது ஆட்டத்தில் தோற்றோம். அவர்கள் வண்டிக்குக் கனம் அதிகம். எங்களை அப்படியே நகர்த்திக்கொண்டு போய்ச் சுவரில் சாத்திவிட்டார்கள். கோப்பை இல்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஐயா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்புறம் வடிவமைப்புப் பரிசுக்கான நேர்காணல். ஆசிரியர்கள் கயிற்றைத் தாண்டக் கூடாது, பேசவும் கூடாது. இரண்டு நடுவர்கள். ஒருவர் வயதான சார். இன்னொருவர் குட்டை முடி வைத்த அக்கா. ஏதோ பம்ப் கம்பெனியில் இன்ஜினியராம். ரோபோவை மேசை மேல் வைத்தோம்.

ஷாமிலி ஆரம்பித்தாள். நான்காவது பதில் வந்தது. எங்கள் ரோபோ நான்கு சக்கரங்களில் இயங்குகிறது.

அந்த அக்கா விரலால் எண்ணினார். "ஆறு இருக்கேம்மா."

ஷாமிலி நின்றாள். உதடு அசைந்தது. அவளுக்கு நடுவிலிருந்து எடுக்க வராது, தொடக்கத்திலிருந்துதான் வரும். திரும்பவும் முதல் பதிலிலிருந்து ஆரம்பித்தாள். மதிப்பிற்குரிய நடுவர்களே. அவள் கழுத்தில் வேர்வை ஓடுவதைப் பார்த்தேன். அவள் நான்கை நோக்கி வந்துகொண்டே இருந்தாள், நிறுத்த முடியாமல்.

அக்கா மெதுவாகக் கையைக் காட்டினார். "போதும்மா. தண்ணி குடி. தமிழ்லயே பேசலாம். இந்த நடுச் சக்கரம் எதுக்கு? உங்கள்ல யாராச்சும் சொல்லுங்க."

ஜெசிந்தா கூரையைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்பார்கள். தொட்டது நான்தான் என்று ஆகிவிடும். ஐயா பார்த்துக்கொண்டிருக்கிறார். டி.சி. என்ற இரண்டு எழுத்தும் காதுக்குள் கேட்டன. நான் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றுதான் நின்றேன்.

அந்த வயதான சார் எழுதிக்கொண்டே, "எடை தாங்கறதுக்கு எக்ஸ்ட்ராவா போட்டிருப்பாங்க. வேற என்ன" என்றார்.

"இல்லீங்க."

அது என் குரல். எனக்கே தெரியாமல் வந்துவிட்டது. தப்பான பதிலை அவர் எழுதிக்கொண்டிருந்தார், அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவ்வளவுதான்.

"அப்புறம்?" என்றார் அக்கா.

எனக்கு ஒற்றுமை தவிர வேறு பதில் கொடுக்கப்படவில்லை. அதனால் தரையிலிருந்து ஆரம்பித்தேன். கறை நேரான இடத்தில் இல்லாததை, பிறைகளை, லாரி அச்சை, ஜாமெட்ரி பாக்ஸை, தேய்ந்த சக்கரத்துக்கும் புதிய சக்கரத்துக்கும் உள்ள ஒரு காசு வித்தியாசத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல நடுக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை. ரோபோவின் முன்பக்கத்தை அழுத்தி ஆட்டிக் காட்டினேன். அந்த சார் பேனாவை வைத்துவிட்டு அவரும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். இன்னொரு முறையும் ஆட்டினார்.

அக்கா கேட்டார்: "சரி. இப்ப கனம் பூரா நடுவுலதான். அப்ப இனிமே தேயப் போறது நடுச் சக்கரம். அதுவும் தேஞ்சு அந்த ஒரு காசு வித்தியாசம் போயிட்டா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. நல்ல கேள்வி. ஆறும் சமமானால் பழைய எகிறல் வரும், ஏன், இன்னும் மோசமாக வரும். ஆனால் எவ்வளவு நாளில்? மூலைகளும் கொஞ்சம் தேயும் அல்லவா? எது முந்தும்?

"தெரியாதுங்க" என்றேன்.

எங்கள் பள்ளியில் அந்த வார்த்தையைச் சொன்னால் எழுந்து நிற்க வேண்டும். நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். "அளந்து பாக்கோணும்" என்று மட்டும் சேர்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஏதோ எழுதிக்கொண்டார்.

வடிவமைப்புப் பரிசு எங்களுக்கு வந்தது. கண்ணாடியில் செய்த சின்னப் பலகை. ஐயா வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். வேனில் ஏறினோம். திங்கட்கிழமை முதல் மணிக்கு அறைக்கு வா என்று மட்டும் ஐயா என்னிடம் சொன்னார். ஷாமிலி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அழுதாளா என்று தெரியவில்லை.

பெட்டியைப் பாதி கட்டி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

ஐயாவின் மேசை மேல் அந்தப் பலகை இருந்தது. பக்கத்தில் நடுவர்களின் குறிப்பு.

"லோகநாதன் நான்தான் செஞ்சேங்கறான். நடுவருங்க நீதான் செஞ்சேன்னு எழுதியிருக்காங்க. எது நிசம்?"

"நான்தானுங்க ஐயா."

"யாரைக் கேட்டுத் தொட்டே?"

"யாரையும் கேக்கலீங்க." அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். துப்பட்டா நுனியை நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். "பரிசு குடுத்தவங்க சொல்றதைத்தான் நாம எடுத்துக்கோணும்" என்றார் கடைசியில். "நீ அங்க சொன்னதை அப்படியே கேள்வி பதிலா எழுதிக் குடு. லேமினேட் போட்டு அடுத்த பேட்ச் பிள்ளைங்களுக்குக் குடுத்துடலாம். மனப்பாடம் பண்ணிக்கட்டும்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "சரிங்க ஐயா" என்றேன்.

"கடைசிக் கேள்விக்குத் தெரியாதுன்னியாமா. அது நல்லா இருக்காது. அதுக்கும் ஒரு பதில் போட்டுடு."

"அதுக்குப் பதில் இன்னும் இல்லீங்க ஐயா."

"இல்லாட்டி யோசிச்சுப் போடு. போ."

பெட்டியைப் பிரித்தேன். சாயங்காலம் வராந்தாவில் ஏணி போட்டு எலக்ட்ரீஷியன் நின்றுகொண்டிருந்தார். கீழே அமுதா மிஸ். "பழசு மினுக்கிட்டே இருந்துச்சு. அந்த வெளிச்சத்துல கண்ணு கெட்டுப்போயிரும்னு புதுசு மாட்டச் சொன்னேன்" என்றார். யார் கண் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 10, புதன்

எல்லாப் பதில்களையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைசிக் கேள்விக்குக் கீழே இப்படி எழுதினேன்: சக்கரங்களைச் சுற்றி நூல் போட்டு அளக்கவும். அன்றைக்கு என்ன வருகிறதோ அதுதான் பதில். ஐயா மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். காய்ந்ததும் லேமினேட் ஆகிவிட்டது.

முதல் பிரதி ஷாமிலிக்குப் போனது. சனிக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. இன்று கோர்ட்டுக்குத் தாளோடு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"இதை எப்படிடி மனப்பாடம் பண்றது? பதிலே இல்லியே இதுல."

"அளந்தாத்தான் வரும்."

"எதை வெச்சு?"

தலையணை உறையிலிருந்து பிரித்த நூலைக் கொடுத்தேன். ரோபோவைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். ஜெசிந்தா சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, "மாப்பு டீம்ல மாப்பு மூணாயிடுச்சு" என்றாள். ஷாமிலி நூலை முன்சக்கரத்தில் சுற்றி நகத்தால் குறித்தாள். பிறகு நடுச்சக்கரத்தில். ஸ்கேலில் வைத்துப் பார்த்தாள். வித்தியாசம் இருக்கிறது. ஆனால் முன்பு நான் கண்ணால் பார்த்ததைவிடக் குறைந்திருக்கிறது. பதினைந்தே நாளில் இவ்வளவா?

நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஷாமிலி, பிழையாகச் சுற்றிவிட்டோமோ என்று இன்னொரு முறை அளந்தாள். அதே அளவு. தாளை எடுத்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து நடுச்சக்கரத்தை விரலால் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி இவ்வளவு சீக்கிரம் தேயுது?" என்றாள்.